மணம் தெரியாத தம்பி

அழுகிய பலாச்சுளை ஒன்றில் ஓர் உருளைப்புழு குடியிருந்தது. அதன் உடலுக்குள் இருந்த ஒரு மரபணுவுக்கு ஒரே வேலை. இரையின் மணம் வந்தால் "சாப்பிடு" என்று புழுவிடம் சொல்லும். மரபணுவுக்கு ஏது வாய் என்று கேட்பவர்கள், சொந்தமாக ஒரு நகல் எடுத்துக் காட்டிவிட்டுக் கேட்கலாம்.

ஒரு தலைமுறையில் அந்த மரபணு தவறுதலாக இரண்டாகிவிட்டது. நகலெடுத்தபோது நடுவில் ஓரிடம் பிசகியதால், புதிதாக வந்த தம்பிக்குப் பலா மணம் தெரியவே இல்லை.

"நம்ம வம்சத்துல மூக்கில்லாம பொறந்தவன் நீ ஒருத்தன்தான்டா," என்றது அண்ணன். "தண்டச்சோறு. அடுத்த தலைமுறைக்குப் போறப்போ உன்னைக் கழட்டி விட்டுடப் போறேன்."

"சோறு எப்பண்ணே போட்டீங்க?" என்றது தம்பி.

மறுநாள் புழுவின் எதிரே ஒரு கிருமிக் கூட்டம் பளபளவென்று கிடந்தது. பலாவைவிட இனிய மணம். "சாப்பிடு," என்றது அண்ணன். புழு வாயைத் திறந்தது.

"அண்ணே, ஏதோ நாறுது. வேண்டாம்னு சொல்லுங்க."

"யாரு நாத்தத்தைப் பத்திப் பேசுறான் பாரு."

அண்ணனை நம்பிப் பயனில்லை என்று தம்பியே "திரும்பு" என்று கத்தியது. புழு வளைந்து திரும்பியது. பக்கத்துப் புழு அதே இரையை ஆசையாகத் தின்று, ஊதி, செத்தது.

"என் நகல்தானே," என்றது அண்ணன்.

அடுத்த தலைமுறையில் மூன்றாவதாக ஒரு நகல் பிறந்தது. அதற்குப் பலாவும் தெரியவில்லை, விஷமும் தெரியவில்லை. தம்பி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் சாய்ந்தது.

"இவனை எதுக்குண்ணே வச்சிருக்கோம்?"