கடலாட்டம்

"நான் செத்துட்டா என் வலைய மாமனுக்குக் குடுத்துடாதண்ணா" என்று முனகினான், ரிக்‌ஷாவில் சுருண்டு கிடந்த குமாரவேல். சொன்ன வாயாலேயே ரிக்‌ஷாக்காரன் காலில் வாந்தி எடுத்தான்.

"உன் ஓட்ட வலைய எவன் கேட்டான்? கம்முனு படு" என்றார் அண்ணன் ராமதாஸ். குரல் கம்மி வந்தது. காலையில் தம்பி விழுந்ததிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. அவர்கள் அப்பனும் இப்படித்தான் தலை சுற்றுது என்று உட்கார்ந்தார். மறுநாள் பாடையில்தான் எழுந்தார்.

கல்மண்டபத்து டாக்டரின் கிளினிக் வாசலில் கம்பவுண்டர் மறித்தார். "சாராயமா? மதுவிலக்கு கேஸுல என்னையும் சேத்து இழுத்துக்கினு போவானுங்க."

"வாய மோந்து பாரு. காத்து சரியில்லாம மூணு நாளா கட்டுமரம் கரையில கீது. சோத்துக்கே சிங்கியடிக்கிறோம், சாராயம் எங்கேந்து வரும்?" படியேறும்போது ராமதாஸ் தடுமாறித் தூணைப் பிடித்தார். "ஒண்ணுமில்ல, கடலாட்டம். எங்களுக்குத் தரை ஆடும்."

கம்பவுண்டர் சிரித்தார். கடல்காரன் கரையில் தள்ளாடினால் ராயபுரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

டாக்டர் கிருஷ்ணப்பன் குமாரவேலைக் கட்டிலில் கிடத்தி, விரலைக் காட்டி இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார் என்றார். எழுப்பி நடக்க வைத்தார். தண்ணீர் குடிக்க வைத்தார். ராமதாஸுக்கு எரிச்சல் வந்தது. சாகக் கிடக்கிறவனுக்கு என்ன தேகப்பயிற்சி?

"மூளையில ரத்தம் அடைச்சாலும் இப்படிச் சுத்தும், காதுக்குள்ள கெட்டாலும் இப்படியே சுத்தும். எதுன்னு பார்க்கணும்" என்றார் டாக்டர்.

"மூளைன்னா மருந்து கீதா?"

"என்கிட்ட இல்ல. பெரியாஸ்பத்திரியிலயும் இல்ல."

டாக்டர்களை நம்பாத ராமதாஸ் இதை நம்பினார். ஏமாற்றுகிறவன் இப்படிச் சொல்லமாட்டான்.

கடைசியில் டாக்டர் நிமிர்ந்தார். "காதுதான். கண்ணு ஒரே பக்கமா துடிக்குது. சுவரைப் பிடிச்சா நடக்கறான். பேச்சு தெளிவா இருக்கு, தண்ணி இறங்குது. மூளைன்னா இதெல்லாம் தப்பும். பத்து நாள்ல எழுந்துடுவான்."

ராமதாஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மேசைமேல் இருந்த குவளைக்குக் கை நீட்டினார். கை அரைச் சாண் தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது. மறுபடி துழாவி எடுத்துக் குடித்தார். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லன்னதும் அண்ணனுக்குப் பொர ஏறிக்கிச்சு" என்றான் குமாரவேல், படுத்தபடியே.

டாக்டர் சிரிக்கவில்லை. ராமதாஸின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி வலப்பக்கம் கொண்டுபோனார், இடப்பக்கம் கொண்டுபோனார். விரல் போன பக்கமெல்லாம் கண் மாறி மாறித் துடித்தது. இன்னொரு முறை பார்த்தார். பிறகு குமாரவேலின் தோளைத் தொட்டார்.

"நீ எழுந்துக்கோப்பா. உங்க அண்ணனைப் படுக்க வைக்கணும்."