தலைமாட்டுக் கயிறு

நினியன் லாரியின் சவப்பெட்டி குழியின் மேல் குறுக்குக் கட்டைகளில் இருந்தது. அதை இறக்கும் எட்டுக் கயிறுகளுக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

பெட்டி செய்த தச்சன் டௌவி, யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்ற பட்டியலை எடுத்தான். காலையில் அவன் பட்டறைக் கதவிடுக்கில் கிடந்தது. 'லாரியின் விருப்பம்' என்று தலைப்பு. அவன் அதை யாருக்கும் காட்டவில்லை.

முதல் கயிறான தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய சொந்தத்துக்கு. ஊருக்குத் தெரிந்து லாரி கல்யாணமாகாத ஆட்டுப்பண்ணைக்காரர். எனவே தம்பி ஆர்ச்சி கையுறையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்து அதைப் பிடித்துவிட்டார்.

டௌவி வாசித்தான். "ஒண்ணாம் கயிறு, இம்ரி டீச்சர். மனைவி."

எல்லாத் தலைகளும் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குத் திரும்பின. அந்த ஊரில் பெண்கள் குழிவரை வருவதில்லை. டீச்சர் மட்டும் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

"என்னய்யா உளர்றே? இந்தம்மாவுக்கு எப்போ கல்யாணம் ஆச்சு?" என்றார் ஆர்ச்சி.

பண்ணையின் கிழட்டு மேய்ப்பன் பிரி தொப்பியைக் கழற்றினான்.

"பதினேழு வருஷம் ஆச்சுங்க. உங்க அண்ணன் வீட்டு அடுப்படியில, நானும் எம் பொண்டாட்டியும் சாட்சியா நிக்க, புருஷன் பொண்டாட்டின்னு ரெண்டு பேரும் வாயால சொன்னாங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

அந்தக் கால ஸ்காட்லாந்துச் சட்டத்துக்கு அது போதும். ஆர்ச்சி கயிற்றை விட்டார்.

ஏன் மறைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணமான பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடையாது. பள்ளிக் குழுத் தலைவரே அங்கே ஒரு கயிற்றுக்காகக் காத்திருந்தார்.

டீச்சர் உள்ளே வந்து கயிற்றைப் பிடித்தார். பெட்டி குழியின் அடியைத் தொடும்வரை அதை நிதானமாக விட்டுக்கொடுத்தார். பிறகு கயிற்றையும் உள்ளே போட்டார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அருகில் வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் டீச்சர் பள்ளிக்கூடச் சாவியை அவர் கையில் வைத்துவிட்டார்.

"பதினேழு வருஷம் காப்பாத்தின ரகசியத்தைச் செத்தப்புறம் போட்டு உடைச்சுட்டானே பாவி" என்று பேசியபடி ஆண்கள் கலைந்தார்கள்.

டௌவி பட்டியலை நான்காக மடித்து, யார் கண்ணிலும் படாமல் உள்பைக்குள் வைத்தான்.

அது லாரியின் கையெழுத்து இல்லை என்பது காலையிலேயே அவனுக்குத் தெரியும். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் அவன் விரலைப் பிடித்து எழுதப் பழக்கிய கை அது.