குறி மாறிய கணக்கு

விடைத்தாளில் ஒரு குறி தப்பினால் போதும், கணக்கு வாத்தியார் மொத்த மதிப்பெண்ணையும் வெட்டிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அழுது புரண்டாலும் அரை மதிப்பெண் பெயராது.

அப்படிப்பட்டவருடைய கால்குலேட்டரிலேயே ஒரு குறி தப்பாக இருந்தது. அதுவும் சொந்த வீட்டுக் கணக்கில்.

அன்று வகுப்பில் லீனியர் புரோகிராமிங். கையில் இருக்கிற நேரத்தை எப்படிப் பங்கிட்டால் அதிகப் பலன் என்று கண்டுபிடிக்கிற பாடம். கோடு வரைந்து காட்டும் கால்குலேட்டரைச் சுவர்த் திரையில் இணைக்கப் போனவர், நம் வீட்டுக் கணக்கையே உதாரணமாகக் காட்டுவோமே என்று ஆசையாகத் திறந்தார். பார்த்தார். உடனே அணைத்தார். பேட்டரி போய்விட்டது என்று பிள்ளைகளிடம் கூசாமல் சொன்னார்.

அந்தக் கணக்கு பிறந்தது ஒரு சண்டையில். யார் சமைப்பது, யார் பாத்திரம் துலக்குவது என்று வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் பூராவும் நின்றுவிட்டு வருகிறவள். மகளுக்குக் கல்லூரி. எதற்கு வாய்த்தகராறு, மிஷினே தீர்ப்புச் சொல்லட்டும் என்று வாத்தியார் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு வாரத்தில் மிச்சம் ஒன்பது மணி நேரம். அதில் சமையல் நாலு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இது நியாயத்துக்காக அவரே தனக்குப் போட்டுக்கொண்ட நிபந்தனை. அவர் துலக்கினால் மணிக்கு எத்தனை மதிப்பெண், சமைத்தால் எத்தனை என்று மனைவியிடமும் மகளிடமும் கேட்டார். துலக்குவதற்கு ஒன்பது கொடுத்தார்கள். சமையலுக்குக் கொஞ்ச நேரம் யோசித்து ஆறு கொடுத்தார்கள்.

திரையில் கோடுகள் வெட்டிக்கொண்டன. ஒரு மூலையில் விடை வந்து நின்றது: சமையல் நாலு, பாத்திரம் ஐந்து.

ரெண்டு வாரம் வாத்தியார் சமைத்தார். உப்பைத் தராசில் நிறுத்துப் போட்டார். நேரம் கூடக்கூட ருசியும் நேர்கோட்டில் கூடும் என்று நம்பி, சூப்பை மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டார். கரண்டியைத் தூக்கினால் சூப்பும் கூடவே எழுந்து வந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு மனைவி நன்றாக இருக்கிறது என்றாள். மகள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் வேலை கொஞ்சம் குறைந்திருந்ததால் ஒன்பது மணி நேரத்தைப் பத்தாக மாற்றிப் பொத்தானை அழுத்தினார். சமையல் பூஜ்யம், பாத்திரம் பத்து என்று வந்தது. வாத்தியாருக்கு வருத்தம்தான். மிஷினே சொன்ன பிறகு நாம் என்ன செய்ய முடியும் என்று ஆறுதல் சொல்லி, மனைவி கரண்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

எட்டு வாரம் ஓடியது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு துலக்குவது அவருக்கும் பழகிப்போயிற்று.

அன்று வகுப்பில் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சமையல் நாலு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று இருக்க வேண்டிய இடத்தில், நாலுக்கு மேல் போகக் கூடாது என்று குறி திரும்பி நின்றது. பத்து என்று அழுத்தியபோது விரல் பட்டிருக்க வேண்டும்.

சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நாள் தவித்தார். குறித் தப்புக்குப் பேர்போன வாத்தியார் குறியைத் தப்பவிட்டார் என்றால் மானம் என்ன ஆவது? இதற்கு நடுவே, குறி தப்பிய ஒரு விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் போட்டுத் தொலைத்தார். அந்தப் பையன் பயந்துபோய், சாருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனான்.

நாலாம் நாள் சாயங்காலம். வேலையிலிருந்து வந்த மனைவி, செருப்பைக் கழற்றின கையோடு அடுப்பைப் பற்றவைத்தாள். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் வாத்தியாருக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் கால்குலேட்டரை வைத்து, ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார். மூன்று நாளாகத் தெரிந்தும் மறைத்ததையும் சொன்னார்.

மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போனது போகட்டும்பா, இப்படியே இருந்துட்டுப் போகுது" என்றாள் மகள் அவசரமாக.

வாத்தியார் விடுகிறவரா? எட்டு வாரம், வாரத்துக்கு நாலு மணி நேரம், ஆக முப்பத்திரண்டு மணி நேரச் சமையல் தன்மேல் பாக்கி என்றார். ஒரே மாதத்தில் தீர்த்துவிடுவதாகவும், நாளைக் காலையே சூப்பில் தொடங்கப்போவதாகவும் சொல்லிவிட்டுத் தராசை எடுக்க எழுந்தார்.

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் கையை மேஜைக்கு அடியில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மனைவி எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள்.

"உங்க விரல் எங்கயும் படலைங்க. அந்தக் குறியை நான்தான் திருப்பி வச்சேன். அவ்வளவு ஆசையா சமைச்சுப் போடுற மனுஷன்கிட்ட, வாயில வைக்க முடியலைன்னு எப்படிங்க சொல்றது?"