பாதி வலி

புற்றுநோய் வார்டில் ஷைனிக்கு மருந்து ஏறும்போதெல்லாம், வலியில் பாதியை அவள் அம்மா ஜெசிந்தாவின் கையில் ஆஸ்பத்திரி மாட்டிவிட்ட காப்பு அவள் உடம்புக்கு இழுத்துக்கொள்ளும். மகளுக்குத் தெரியாமல் அந்தப் பாதியை முக்கால்வாசியாகக் கூட்டிவைத்து, பக்கத்துக் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பது ஜெசிந்தாவின் வழக்கம். மகள் சிறுபிள்ளை என்பதால் பெற்றவளின் சம்மதமே போதுமாக இருந்தது.

இன்று ஷைனிக்குப் பதினெட்டு முடிந்தது. கேக் வெட்டிய கையோடு நர்ஸ் அவளிடமே கேட்டார்.

"இனி நீதான்மா சொல்லணும். அம்மாவுக்கு எவ்வளவு குடுக்கட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம் சிஸ்டர். கழத்திருங்க."

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?" ஜெசிந்தா பதறினாள். நர்ஸின் கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் தலைகுனிந்தபடி காப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஷைனி மெல்லச் சொன்னாள். "நீயும் அங்க சுருண்டு கெடந்தா, எனக்குத் தலையத் தடவிவிட யாரும்மா இருக்கா?"

மருந்து ஏறத் தொடங்கியது. முடியில்லாத அந்தத் தலையை ஜெசிந்தா தடவிக்கொண்டே இருந்தாள். ஷைனி அலறவில்லை, அம்மாவின் மற்றக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். நகம் பதிந்த இடத்தில் ஜெசிந்தாவுக்கு வலித்தது. அவள் பங்குக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.