ஆறு வாய்

அக்கா நீட்டிய முதல் வாயை அவர் கூச்சத்தோடுதான் வாங்கிக்கொண்டார்.

ஐம்பத்தாறு வயதில் அடுத்தவர் ஊட்ட வாயைத் திறப்பது அவ்வளவு எளிதல்ல.

வேறு வழியும் இல்லை. வலது கையில் அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைத்து, முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தார்கள். இடது உள்ளங்கையில் பதினோரு தையல்.

கண்ணாடி வெட்டுகிற தொழில். விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிடு என்று முப்பது வருடமாகக் கடையில் எல்லோருக்கும் சொல்லி வந்தவர் அவர்தான். போன வாரம் அவரே இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். புத்தி அங்கே இல்லை.

மனைவி போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

காலையில் கடைக் கூட்டாளி வந்து குளிப்பாட்டி, முகம் மழித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். தினமும் வருகிறார். "மாப்பிள்ள, உன் கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இவ்வளவு பளபளன்னு இல்லடா" என்று மோவாயைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். செருப்பை மாட்டும்போதுதான் குரல் தணிந்தது. "தங்கச்சிய நீ பாத்துக்கிட்டதுக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

எல்லோரும் சொன்னது அதுதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நான்கு மாதத்தையும் அவர் கடந்திருந்தார்.

பொய்யில்லை. பக்கவாதம் வந்து அவள் கிடந்த எட்டு மாதமும் வேறு யாரையும் அவர் கிட்டே விட்டதில்லை. தலை வாரிவிட்டது, துணி மாற்றியது, மூன்று வேளையும் ஊட்டியது எல்லாம் அவர்தான்.

அவளுக்குப் பேச்சு போயிருந்தது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். போதும் என்றால் அதைப் படுக்கையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்துவாள்.

ஐந்து வாய், மிஞ்சினால் ஆறு. கை உயர்ந்துவிடும். அவர் உடனே தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிடுவார். ஒரு நாளும் தட்டைக் காயவிட்டதில்லை.

ஆள் இளைத்துக்கொண்டே போனபோது, பசியே எடுப்பதில்லை என்று டாக்டரிடம் சொன்னதும் அவர்தான். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"ஆ காட்டுடா" என்றாள் அக்கா.

அக்காவுக்குக் கை வேகம். நான்கு பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்த கை. ஒரு வாய் இறங்குமுன் அடுத்தது உதட்டில் வந்து நிற்கும். குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே, தட்டைப் பார்த்து உருட்டி, நிமிராமல் நீட்டினாள்.

மூன்று. நான்கு.

ஐந்தாவது நெஞ்சில் நின்றது. அது நகர்வதற்குள் ஆறாவது வந்துவிட்டது. வாய் கொள்ளவில்லை. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது, பேசவும் வழியில்லை.

கொஞ்சம் பொறு என்று இடது கையைத் தூக்கினார். தையல் சுரீரென்று இழுத்தது. மடியிலிருந்து இரண்டு அங்குலம்தான் எழுந்தது.

"போதுமா? சரி சரி" என்று அக்கா எழுந்துகொண்டாள்.

அவர் மென்று, விழுங்கி, மூச்சு விட்டு நிமிர்வதற்குள் சமையலறையில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் எடுத்துப்போன தட்டில் பாதிக்கு மேல் சோறு மிச்சமிருந்தது.

கை அந்தரத்திலேயே நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்த அக்கா பதறிப்போனாள். "என்னடா, முகம் ஏன் இப்படிப் போச்சு? வலிக்குதா?"

இன்னும் பசிக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது.