நேராகப் போகாத கார்

"விரல் ஆடுதான்னு நல்லாப் பாரு."

பட்டறையின் மரப்பலகையில் அமர்ந்திருந்த பஹாரின், தம் இரு கைகளையும் மனைவி ருகயாவின் முன் நீட்டினார். இடக்கையின் சுண்டுவிரல் மிக மெல்ல நடுங்கியது.

"பசியில ஆடுது. காலையிலேருந்து வெறும் கோப்பிதானே குடிச்சீங்க" என்றாள் ருகயா. ஆயினும் அவள் குரலில் உறுதி இல்லை. அவருடைய தமையனாருக்கும் நடுக்குவாதம் ஒரு விரலில்தான் தொடங்கியது. அதன்பின் அவர் கார்ச் சாவியைத் தொடவேயில்லை.

அவர்கள் இப்பட்டறைக்கு வருவது இது மூன்றாம் முறை. முதன்முறை முதலாளி என்ற பொருளில் எல்லாரும் 'தௌக்கே' என்றழைக்கும் பட்டறைக்காரர் மெங், ஸ்டீரிங்கோடு சக்கரங்களை இணைக்கும் தேய்ந்த மூட்டுகளை மாற்றி, சக்கரக் கோணங்களைச் சீராக்கும் அலைன்மெண்டும் செய்து கொடுத்தார். அன்று முதல் அந்தப் பழைய கார் சாலையில் நிலைகொள்ளாது இடமும் வலமுமாக அலைந்தது. இரண்டாம் முறை அவர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தார். முன் டயர்களை இடம் மாற்றினார். கோணங்களை மீண்டும் அளந்தார். அலைச்சல் மட்டும் நின்றபாடில்லை.

ருகயாவின் சிறுநீரகங்கள் செயலற்றுப் போய் ஓராண்டாகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஈப்போவுக்குச் சென்று அவள் டயாலிசிஸ் செய்துகொண்டாக வேண்டும். அழைத்துச் செல்வதற்குப் பஹாரினை விட்டால் வீட்டில் வேறு ஆளில்லை.

சோதனை ஓட்டத்தை முடித்துக்கொண்டு மெங் காரிலிருந்து இறங்கினார். அவர் முகத்தில் களைப்பு அப்பிக்கிடந்தது.

"காடி நூல் பிடிச்ச மாதிரி போகுது, பாக் சிக்" என்றார், மலாய் வழக்கப்படி பெரியவரை மாமா முறையில் விளித்து. "ஸ்டீரிங்லேருந்து கைய எடுத்துக்கூடப் பார்த்துட்டேன்."

"அப்ப நான் ஓட்டினா மட்டும் ஏன், தௌக்கே, பாம்பு மாதிரி நெளியுது?"

"ஓட்டுங்க, பார்ப்போம். நான் பக்கத்துல உட்கார்றேன்."

ருகயா பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நேர்ச் சாலையில் ஒரு பர்லாங்கு தூரம் செல்வதற்குள், கார் வெள்ளைக் கோட்டை இருமுறை தொட்டு மீண்டது.

"நேத்து வாந்தியே வந்துடுச்சு தௌக்கே" என்று ருகயா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு புலம்பினாள். "பின்னாடி வந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சே ஓஞ்சு போய்ட்டான். முன்னல்லாம் இப்படியா? நேர் ரோட்டுலயும் இந்த மனுஷன் மாவு சலிக்கிற மாதிரி ஸ்டீரிங்க ஆட்டிக்கிட்டேதான் வருவாரு. அப்பல்லாம் காடி அது பாட்டுக்குப் போகும்."

"உனக்கு நாக்கு மட்டும் நேரா ஓடும். பேசாம வா."

மெங்கின் பார்வை பஹாரினின் கைகளின் மீதே நிலைத்திருந்தது. பஹாரின் அதைக் கவனித்துவிட்டார். காரை ஓரமாக நிறுத்தினார்.

"நீயும் என் கையத்தான் பார்க்குற. உண்மையச் சொல்லு. காடிக்கு ஒண்ணுமில்ல, அப்படித்தானே?"

"காடிக்கு ஒண்ணுமில்ல, பாக் சிக்."

பஹாரின் சாவியைக் கழற்றி மெங்கின் மடியில் வைத்தார். பின்னர், திரும்பாமலேயே மனைவியிடம் கேட்டார்.

"அந்த டயாலிசிஸ் வேன்காரன் நம்பர் வச்சிருக்கியா?"

"அவன் விடியறதுக்கு முன்னாடியே வந்து ஏத்துவான், அபாங். ஊர் ஊரா நின்னு ஆள் ஏத்திக்கிட்டுப் போவான். ஊசி குத்திட்டுத் திரும்பி வரும்போது என்னால அவ்வளவு நேரம் உட்கார முடியாது."

"என்கூட வந்து லாரிக்கு அடியில போறதுக்கு அது பரவாயில்ல."

மெங்கே காரைப் பட்டறைக்குத் திருப்பி ஓட்டிவந்தார். இறங்கியதும், சுவரோரம் துருவேறி நின்ற தம் பிக்கப்பின் சாவியைப் பஹாரினிடம் நீட்டினார்.

"இத ஒரு சுத்து ஓட்டுங்க."

"ஏன், இதையும் கொண்டுபோய்க் கால்வாய்ல விடவா?"

"விட்டா புண்ணியமாப் போகும். விக்கலாம்னா எவனும் வாங்க மாட்டேங்கிறான்."

இம்முறை ருகயா ஏறவில்லை, வாயிலிலேயே நின்றாள். ஆண்கள் இருவரும் அதே செம்பனைச் சாலையில் சென்றார்கள். பஹாரினின் கைகள் வழக்கம்போல் அசைந்துகொண்டேயிருந்தன. வெள்ளைக் கோடோ, சென்ற தொலைவு முழுதும் ஒரே இடைவெளியில் உடன் வந்தது. அவர் நம்பவில்லை. வண்டியைத் திருப்பி, மறுபடியும் அதே வழியில் ஓட்டிப் பார்த்தார். பிக்கப் ஓரடியும் விலகவில்லை.

பட்டறை வாயிலில் வண்டியை நிறுத்திய பின்னரும் அவர் இறங்கவில்லை. ருகயா சன்னலருகே விரைந்து வந்தாள்.

"குப்பை வண்டி இது" என்றார் பஹாரின் தளர்ந்த குரலில். "இது மட்டும் எப்படி நேராப் போகுது?"

"குப்பைங்கறதாலதான்" என்றார் மெங். "இதோட ஸ்டீரிங் லொடலொடன்னு கெடக்கு. நீங்க எவ்வளவு ஆட்டினாலும் சக்கரம் வரைக்கும் போய்ச் சேராது. நான் சரி பண்றதுக்கு முன்னாடி உங்க காடியும் இப்படித்தான் இருந்துச்சு. இப்ப அதுல துளி அசைஞ்சாலும் சக்கரம் திரும்பிடுது."

ருகயா சன்னல் வழியாகக் கையை நீட்டிக் கணவரின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"அப்ப இவரு கைக்கு வியாதி இல்லையா?"

மெங் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்:

"கை நல்லாத்தான் இருக்கு, மாக் சிக். அது இன்னும் அந்தப் பழைய காடியத்தான் ஓட்டிக்கிட்டிருக்கு."