பதினாறு குமிழ்

இடது பக்கம் அலுமினியக் குமிழ் பதினாறு. வலது பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் குமிழ் பதினாறு. நடுவில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர் தௌபீக்.

"ஆஸிஃபா, இங்க வா. கண்ண மூடிக்கிட்டு ரெண்டையும் திருப்பிப் பாரு."

அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் லீவு முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. இந்த நேரத்தில் மனுஷருக்குக் குமிழ்தான் முக்கியம்.

ஷார்ஜாவில் கீபோர்டும் ஸ்பீக்கரும் ரிப்பேர் செய்கிற கடையில் அவருக்கு வேலை. தனித்தனிப் பெட்டிகளாக மாட்டி ஒயரால் இணைக்கிற மாடுலர் சிந்தசைசர் என்ற மின்சார இசைக் கருவி ஒன்று அங்கே பழுதாகிக் கிடந்ததாம். முதலாளி தூக்கிப் போடச் சொன்னதை இவர் கழற்றி, துணிமணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு வந்தது புடவை இரண்டு. சிந்தசைசருக்கு ஒயரே ஒரு பை நிறைய வந்திருந்தது.

இப்போது அதற்கு சீக்வென்சர் என்று ஒன்று செய்கிறார். பதினாறு குமிழையும் திருகிப் பதினாறு சுரம் வைத்துவிட்டால் போதும், அந்தப் பெட்டி ஒன்றன்பின் ஒன்றாக அதையே திரும்பத் திரும்பப் பாடும். என் மாமி சைத்தூன் பீவி ஒரு குறையைச் சொல்ல ஆரம்பித்த மாதிரி.

போகும்போது இதைக் கையோடு கொண்டுபோய்விடுவேன் என்று வந்த அன்றைக்கே மாமியிடம் சொல்லிவிட்டார். பெட்டியின் பலகையைக்கூட சூட்கேஸுக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் அறுத்திருந்தார்.

அதனால் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அதில் ஒரு வேலை முடிந்தால் அவர் கிளம்புவதில் ஒரு வேலை முடிந்த மாதிரி இருந்தது.

இந்த முறையாவது போகாமல் இருந்துவிடுங்கள் என்று வந்த வாரமே கேட்டேன். பார்க்கலாம் என்றார். போன தடவையும் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவரைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

தெருவில் எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள். ஷார்ஜாவில் இருக்கிற பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்துவிடச் சொல்லி, கடிதமும் கருவாட்டுப் பொட்டலமும் எங்கள் கூடத்து மூலையில் சேர ஆரம்பித்திருந்தன. எதிர்வீட்டு பக்கீர் முஹம்மது நேற்று தன் மகனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். வாசிக்கும்போது குனிந்து பார்க்க நேரம் இருக்காது, விரலே சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி.

அலுமினியக் குமிழ் ஜில்லென்று, கனமாக இருந்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய வரி. கறுப்புக் குமிழ் மெட்ராஸ் ரிச்சி தெருவில் வாங்கியது. எடையே இல்லை. எங்கள் வீட்டு ரேடியோவைத் திருப்புவது போலத்தான் இருந்தது.

எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்.

அலுமினியம்தான் அழகு, அதில் சந்தேகமே இல்லை. கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன் என்று அவரே நாலு தடவை சொல்லியிருக்கிறார். எப்படியும் ஷார்ஜாவுக்குப் போகப்போகிற பெட்டி, எதைப் போட்டால் எனக்கென்ன என்று கோபமாக வந்தது.

"பளபளன்னு இருக்குது, இதையே போடுங்க" என்று அலுமினியத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் அதில் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் இருந்த குட்டி ஸ்க்ரூவை நகத்தால் சுரண்டினார். உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது.

"இது வேணாம் புள்ள. இந்த ஸ்க்ரூ இருக்குது பாரு, நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ஆறே மாசத்துல துருப்புடிச்சு இறுகிக்கும். அப்புறம் கழட்டவே வராது."

சொல்லிவிட்டு அவர்பாட்டுக்கு, ஸ்க்ரூவே இல்லாத கறுப்புக் குமிழை ஒவ்வொன்றாக அழுத்தி மாட்ட ஆரம்பித்தார்.

ஒன்பது நாளில் விமானம் ஏறப்போகிற பெட்டிக்கு ஆறு மாசத்து உப்புக் காற்று எங்கிருந்து வரும்?

வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டேன். கேட்டால் மனுஷர் உஷாராகி, மறுபடியும் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார். ஆனால் உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. ஒரு வாரம் படுத்திய பல்வலி சட்டென்று நின்றால் எப்படி இருக்கும், அப்படி உடம்பே லேசாகிவிட்டது. சோற்றுக்கு என்ன வழி என்பதை நாளைக்குக் கவலைப்பட்டுக்கொள்ளலாம்.

எழுந்து போய் மீன் சட்டியை இறக்கி வைத்தேன். பிறகு மேல்தட்டில் இருந்த ரவை டின்னை எடுத்தேன். மாமி இரண்டு தடவை உப்புமா கேட்டும், ரவையில் வண்டு விழுந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி வைத்திருந்த டின் அது.

உள்ளே கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த அவருடைய பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தேன். ஒட்டியிருந்த ரவையைத் தட்டிவிட்டு, அவர் பார்ப்பதற்குள் சூட்கேஸில் பழைய இடத்திலேயே வைத்து மூடினேன்.

மூடிய பிறகுதான் உறைத்தது. மெட்ராஸ் போய் டிக்கெட்டை உறுதி செய்வதற்குக்கூட அது வேண்டும். நான் ஒளித்து வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அவர் ஒரு தடவைகூட அதைத் தேடவில்லை.